மூன்று வேளை அனுமதியும் பிள்ளையின் கையிலுள்ள திரையும்

 

 

ஸூரா அந்நூரின் 58-வது வசனத்தை நாம் பலமுறை ஓதியிருப்போம். பருவ வயதை அடையாத பிள்ளைகள் மூன்று நேரங்களில் பெற்றோரின் அறைக்குள் அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும் என்று அல்லாஹ் அதில் கட்டளையிடுகிறான். ஃபஜ்ருத் தொழுகைக்கு முன், நண்பகலில் ஆடையைத் தளர்த்தி ஓய்வெடுக்கும் வேளை, இஷாவுக்குப் பின். இந்த மூன்றும் மறைவுக்குரிய நேரங்கள் என்று காரணத்தையும் அந்த வசனமே சொல்லிவிடுகிறது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். பருவம் அடையாத பிள்ளைக்கு மார்க்கக் கடமை எதுவும் இல்லையே, அவன் முகல்லஃப் இல்லையே, அவனுக்கு எப்படிச் சட்டம் வந்தது? தஃப்ஸீர் ஆசிரியர்கள் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். சட்டம் பிள்ளையைப் பற்றியது. ஆனால் கட்டளை பெற்றோருக்கு. பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்துப் பழக்குவது அவர்கள் மீது உள்ள பொறுப்பு. பிள்ளை தவறினால் கேள்வி பிள்ளையிடம் போகாது, நம்மிடம் வரும்.

இன்னும் கவனியுங்கள். அந்த அறைக்குள் இருப்பது ஹராமான காட்சி அல்ல. நிக்காஹ் செய்த கணவன் மனைவி, ஹலாலான வாழ்க்கை. அப்படியிருந்தும் ஒரு சிறு பிள்ளையின் கண்ணில் அது படக்கூடாது என்று குர்ஆன் வேலி போடுகிறது. அந்தக் கண்ணில் எது பட வேண்டும், எது படக்கூடாது என்பதற்கு அல்லாஹ் ஒரு வசனத்தையே இறக்கியிருக்கிறான். அடுத்த 59-வது வசனத்தில், அதே பிள்ளைகள் பருவமடைந்துவிட்டால் பெரியவர்களைப் போல எல்லா நேரங்களிலும் அனுமதி கேட்க வேண்டும் என்கிறான். வயதுக்கு ஏற்ப ஒழுங்கு மாறுகிறது.

இப்போது நம் வீட்டைப் பார்ப்போம். அதிகாலையில் அம்மா சமையலறையில், பிள்ளை பாயில் படுத்தபடி போனில். பகலில் பெரியவர்கள் கண்ணயரும் நேரம், பிள்ளை சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று கையில் போன். இஷாவுக்குப் பின், தூக்கம் வரும்வரை போன். எந்த மூன்று நேரங்களில் பிள்ளையின் கண்ணைப் பாதுகாக்கும்படி அல்லாஹ் சொன்னானோ, கிட்டத்தட்ட அதே மூன்று நேரங்களில்தான் உலகத்தின் எல்லா அறைகளின் கதவையும் திறந்து பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம்.

அந்தத் திரைக்குள் என்ன நடக்கிறது

பல பெற்றோர்கள் என்னிடம் சொல்வது இதுதான்: "ஹஜ்ரத், நாங்கள் நல்ல வீடியோதான் போட்டுக் கொடுக்கிறோம். அலிஃப் பா, சின்னச் சின்ன துஆக்கள், மிருகங்களின் பெயர்கள், அவ்வளவுதான்." உண்மைதான், முதல் வீடியோ நீங்கள் போட்டது. இரண்டாவது வீடியோவை யார் போட்டது?

யூடியூப் போன்ற தளங்கள் ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்ததைத் தானாகவே ஓட்டும். பார்ப்பவர் எதில் விரல் வைத்தார், எதை முழுவதும் பார்த்தார், எதைப் பாதியில் விட்டார் என்று கணக்கு வைத்து, எதைக் காட்டினால் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார் என்று கணித்துக் காட்டும். நல்லது கெட்டது என்பது அந்தக் கணக்கில் பிரதானமல்ல, நேரம்தான் பிரதானம். நான்கு வயதுப் பிள்ளைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படத்தின் நிறத்தையும், திறந்த வாயையும், பெரிய கண்ணையும் பார்த்துத்தான் தொடுவான். ஐந்து முறை தொட்டால், நீங்கள் போட்டுக் கொடுத்த இடத்திலிருந்து எங்கோ போயிருப்பான்.

அதிலும் அது அத்தாவின் போன். அதில் திறந்திருப்பது அத்தாவின் கணக்கு. அத்தா பார்த்த அரசியல் சண்டை, சினிமா விமர்சனம், விபத்துக் காட்சி எல்லாவற்றின் நிழலும் அந்தப் பட்டியலில் இருக்கும். நாற்பது வயது மனிதருக்கென்று அந்த இயந்திரம் தயாரித்த விருந்தை நான்கு வயதுப் பிள்ளை சாப்பிடுகிறான். வீடியோவுக்கு நடுவே வரும் விளம்பரமும் அத்தாவின் வயதுக்கானதுதான்.

இது வெறும் அச்சமல்ல. 2017-ஆம் ஆண்டு இந்த விவகாரம் உலகம் முழுவதும் பேசப்பட்டது. பிள்ளைகளுக்குப் பழக்கமான கார்ட்டூன் பாத்திரங்களை வைத்து, வெளியே பார்த்தால் குழந்தைப் படம் போலவும் உள்ளே வன்முறையும் ஆபாசமும் கலந்ததாகவும் ஏராளமான வீடியோக்கள் இருந்தது தெரியவந்தது. குழந்தைகளுக்கென்றே தனியாக நடத்தப்படும் செயலிக்குள்ளும் சில நுழைந்திருந்தன. அந்த நிறுவனம் பல சேனல்களை நீக்க வேண்டியதாயிற்று. 2019-ல், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் விவரங்களைச் சேகரித்த வழக்கில் அமெரிக்காவில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்டச் சம்மதித்தன. அதன் பின்னர்தான், 2020 ஜனவரியிலிருந்து, குழந்தைகளுக்கானவை என்று குறிக்கப்படும் வீடியோக்களில் கருத்துப் பகுதி மூடப்பட்டது. பார்ப்பவரைப் பின்தொடர்ந்து வரும் விளம்பரங்களும் நிறுத்தப்பட்டன. குறிக்கப்படாத வீடியோக்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

நம் மக்தபில் ஓத வரும் சிறுவர்கள் சிலர் விளையாட்டில் கோபம் வந்தால் பேசும் வார்த்தைகள் அவர்கள் வீட்டில் யாரும் பேசாத வார்த்தைகள். தமிழிலும் சேர்த்தியில்லை, உருதுவிலும் சேர்த்தியில்லை. பெற்றோரை அழைத்துக் கேட்டால் திகைத்துப் போகிறார்கள். ஒவ்வொரு குழந்தையும் இயற்கையான தூய நிலையில்தான் பிறக்கிறது, பெற்றோர்தான் அதை வேறு பக்கம் திருப்புகிறார்கள் என்ற கருத்தில் புகாரியில் வரும் நபிமொழி நமக்குத் தெரியும். இன்று பெற்றோரின் அந்த இடத்தில் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரை வீட்டுக்கு அழைத்து வந்தது நாம்தான்.

முழுக்க மூடுவதா, முழுக்கத் திறப்பதா

சில சகோதரர்கள், போனே ஹராம், வீட்டில் இணையமே கூடாது என்று முடித்துவிடுகிறார்கள். பேணுதலில் சொல்கிறார்கள், அவர்கள் நிய்யத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடமே வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் காலத்தில் இது எத்தனை நாள் நிற்கும்? நம் வீட்டில் பூட்டினால் பக்கத்து வீட்டில் பார்ப்பான். அங்கே நம் கண்காணிப்பும் இருக்காது.

நபி (ஸல்) அவர்களின் வீட்டில் நடந்ததைப் பாருங்கள். ஒரு பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டிகளையும் கேடயங்களையும் வைத்து வீர விளையாட்டு காட்டினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அப்போது இளவயதினர். அதைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. போய்ப் பார்த்துக்கொள் என்று தனியே அனுப்பிவிடவும் இல்லை. தம்முடைய மேலாடையால் அவர்களை மறைத்துக்கொண்டு, தாமும் கூடவே நின்றார்கள். எவ்வளவு நேரம்? ஆயிஷா (ரலி) அவர்களுக்கே சலிப்பு வரும்வரை. ஓர் அறிவிப்பில், போதுமா என்று கேட்டார்கள், போதும் என்று பதில் வந்த பிறகே அனுப்பினார்கள் என்று இருக்கிறது. பின்னாளில் ஆயிஷா (ரலி) அவர்களே இதை அறிவித்துவிட்டு, விளையாட்டில் ஆர்வம் கொண்ட ஓர் இளம் பெண்ணின் மனநிலையை நீங்களும் கணக்கில் எடுங்கள் என்ற பொருளில் சொன்னதாகப் புகாரியில் காண்கிறோம்.

இந்த ஹதீஸை ஓதிக்கொடுக்கும்போதெல்லாம் அந்த நிற்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரியும். அன்றைய அரபு உலகத்தின் எத்தனை பொறுப்புகள் அந்தத் தோளில் இருந்தன! ஆனால் ஒரு பிள்ளை மனம் வேடிக்கை பார்த்து முடிக்கும்வரை அந்தத் தோள் அசையாமல் நின்றது. நாம் போனைக் கொடுப்பதே கூட நிற்காமல் தப்பிப்பதற்காகத்தானே?

கூட உட்காருவதற்கு நேரம் இல்லை என்று தாய்மார்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். கணவர் சவூதியிலோ துபாயிலோ இருக்க, மாமியாருக்கு மருந்து, மூத்தவனுக்கு டியூஷன், அடுப்பில் குழம்பு என்று ஓடும் பெண்ணிடம் போய், பிள்ளையோடு உட்கார்ந்து கார்ட்டூன் பாருங்கள் என்று மிம்பரில் நின்று சொல்வது சுலபம். ஆனால் வழி இருக்கிறது. பிள்ளை தனியறையில் பார்க்காமல் கூடத்தில், நீங்கள் காய் நறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சத்தம் உங்கள் காதில் விழும்படி பார்க்கட்டும். இயர்போன் வேண்டாம். முடிந்தால் கையில் போனுக்குப் பதில் டிவியில் போடுங்கள். பெரிய திரையில் என்ன ஓடுகிறது என்று வீட்டில் நடமாடும் எல்லோருக்கும் தெரியும். நன்னா, நன்னி இருக்கும் வீட்டில் அவர்களைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அவர்களுக்குச் செயலி தெரியாவிட்டாலும் எது அசிங்கம் என்று தெரியும்.

பூட்டு போடத் தெரிந்துகொள்வோம்

இரவு தொடங்கும் நேரத்தில் பிள்ளைகளை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளும்படியும், அது ஷைத்தான்கள் பரவும் நேரம் என்றும், அல்லாஹ்வின் பெயர் சொல்லிக் கதவுகளை அடைக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியில் உள்ளது. பிஸ்மில்லாஹ் சொன்னால் போதும் என்று சொல்லவில்லை, கதவை அடைக்கவும் சொன்னார்கள். தவக்குலும் தாழ்ப்பாளும் சேர்ந்துதான் வருகின்றன. எனவே ஓர் ஆலிம் மிம்பரில் செயலியின் செட்டிங் பற்றிப் பேசுகிறாரே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இக்காலத்தில் கதவு அங்கேதான் இருக்கிறது.

பிள்ளைக்கு யூடியூபைத் திறந்து கொடுக்காதீர்கள். அதில் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர் தனியாகக் கணக்கு வைக்கவே அந்த நிறுவனத்தின் விதி அனுமதிப்பதில்லை. சிலர் பிள்ளையின் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கணக்கு திறந்து கொடுக்கிறார்கள். இது பொய் என்பது ஒரு பக்கம். அந்தப் பொய்யால், சிறுவர்களுக்கென்று வைத்திருக்கும் கொஞ்சநஞ்சத் தடுப்பும் கழன்று விழுகிறது என்பது மறுபக்கம். எட்டு வயதுப் பிள்ளையை இருபது வயது என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டு, இருபது வயதுக்காரனுக்குக் காட்டுவதைக் காட்டுகிறானே என்று புலம்பி என்ன பயன்?

சிறுவர்களுக்கென்று யூடியூப் கிட்ஸ் என்ற தனிச் செயலி 2015-ல் வந்தது. அதை உங்கள் கணக்கின் வழியாகத் திறந்து பிள்ளையின் வயதைச் சொன்னால், நான்கு வயது வரை, ஐந்து முதல் எட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு என்று மூன்று படிகள் காட்டும். நான்காவதாக ஒரு வழி உண்டு, பலர் அதைத் தொடுவதே இல்லை: நீங்களே தேர்ந்தெடுத்து அனுமதித்த வீடியோக்களும் சேனல்களும் மட்டும் தெரியும்படி வைப்பது. அப்படி வைத்தால் பிள்ளையால் எதையும் தேட முடியாது. எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஒருநாள் இரவு அரைமணி நேரம் ஒதுக்கி இருபது வீடியோக்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இருபது போதுமா என்று கேட்காதீர்கள். சிறு பிள்ளைகள் ஒரே கதையை நூறு முறை கேட்பார்கள். புதியது புதியது என்று அலைவது நாம் பழக்கிய பழக்கம்.

அந்தச் செயலியின் மூலையில் ஒரு பூட்டுச் சின்னம் இருக்கும். பெற்றோர்தானா என்று சோதிக்க ஒரு பெருக்கல் கணக்கு கேட்கும். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைக்கு அது பூட்டே அல்ல, திறந்துவிடுவான். அதை மாற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த நான்கு எண்களை வையுங்கள். அதே இடத்தில் நேரக் கணக்கும் உண்டு. இருபது நிமிடம் என்று வைத்தால் நேரம் முடிந்ததும் செயலியே நின்றுவிடும். தவறான வீடியோ கண்ணில் பட்டால் அதன் மேலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு அந்தச் சேனலையே தடுக்கலாம். எதையெல்லாம் பார்த்தான் என்ற பட்டியலும் அங்கே கிடைக்கும்; வாரம் ஒருமுறை அதைப் பாருங்கள்.

பெரிய யூடியூபைக் காட்டியே தீர வேண்டிய சூழ்நிலை என்றால், அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டு, செட்டிங்கில் கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறையை இயக்குங்கள். அது ஓரளவுதான் வடிகட்டும். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் குறும்படங்கள் இருக்கின்றனவே, ஷார்ட்ஸ், ரீல்ஸ், அவற்றைச் சிறு பிள்ளைகளிடம் காட்டவே வேண்டாம். அவற்றுக்கு முடிவு என்பதே கிடையாது. ஒரு கதை முடிந்தால் பிள்ளை தலை நிமிர்வான்; அங்கே நிமிர இடமே வைக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் தந்தையருக்கு ஒரு வார்த்தை. கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற செயலி மூலம், நீங்கள் ரியாத்தில் இருந்துகொண்டே ஊரில் பிள்ளை வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று அளவு வைக்கலாம். தூங்கும் நேரத்தில் பூட்டலாம். புதிய செயலி எதையும் உங்கள் அனுமதியில்லாமல் இறக்காமல் தடுக்கலாம். நபி (ஸல்) அவர்கள் நம் ஒவ்வொருவரையும் மேய்ப்பாளர் என்றும், ஒவ்வொருவரிடமும் அவரவர் பொறுப்பிலுள்ளவர்கள் பற்றி விசாரிக்கப்படும் என்றும் சொன்னார்கள். அந்த ஹதீஸில் ஆணும் தனியாகச் சொல்லப்படுகிறார், பெண்ணும் தனியாகச் சொல்லப்படுகிறார். இக்காமா வாங்கிக்கொண்டு கடல் கடந்ததால் அந்தப் பொறுப்பு மனைவி தலையில் மட்டும் இறங்கிவிடாது.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு வயதுக்கும் கீழே திரையே வேண்டாம். ஒரு வயதுப் பிள்ளைக்கும் பரிந்துரைக்கவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது. சோறு ஊட்டும்போது கொடுக்கும் போன் மட்டுமே இந்த அளவைத் தாண்டிவிடுகிறது. உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) சிறுவராக நபியவர்களின் மடியில் வளர்ந்தபோது உணவுத் தட்டில் அவர் கை அங்குமிங்கும் அலைந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலக்கரத்தால் உண்ணவும், தனக்கு அருகிலிருப்பதை உண்ணவும் அந்தச் சாப்பாட்டு வேளையிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். சாப்பாட்டு நேரம் சுன்னத் கற்கும் நேரம். கண் திரையில் இருக்கும் பிள்ளைக்குத் தட்டில் இருப்பது என்ன என்றே தெரிவதில்லை, பிஸ்மில்லாஹ்வை எங்கே சொல்லிக் கொடுப்பது?

இஸ்லாமியப் பெயர் இருந்தால் போதுமா

இது என் துறை சார்ந்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தலைப்பில் இஸ்லாமிய கதை என்று இருந்தால் நம் வீடுகளில் கேள்வியே கேட்பதில்லை. ஆனால் நபிமார்கள் வரலாறு என்ற பெயரில் ஆதாரமே இல்லாத கட்டுக்கதைகள் பிள்ளைகளிடம் போகின்றன. நபிமார்களுக்கே உருவம் வரைந்து காட்டுகிறார்கள். கப்ரு வேதனை என்று பாம்பும் நெருப்பும் அலறலுமாக, செயற்கை நுண்ணறிவால் செய்த படங்கள் வருகின்றன. ஐந்து வயதுப் பிள்ளை இதைப் பார்த்துவிட்டு இரவில் தூங்க மாட்டான். அவனுக்கு முதலில் அறிமுகமாக வேண்டியது அர்ரஹ்மானும் அர்ரஹீமும். தொழுகையைக்கூட ஏழு வயதில்தான் ஏவச் சொன்ன மார்க்கம் இது. அதற்கு முன்பே அச்சத்தைக் கொண்டுபோய் அந்த மனதில் இறக்குவதை நான் தர்பியத் என்று ஏற்க மாட்டேன்.

ஆகவே இஸ்லாமிய வீடியோவையும் முதலில் நீங்கள் முழுவதும் பாருங்கள். ஐயம் வந்தால் உங்கள் மஹல்லா இமாமிடம் இணைப்பை அனுப்பிக் கேளுங்கள். கிராஅத் வீடியோவாக இருந்தால் தஜ்வீத் சரியாக உள்ளதா என்று கேளுங்கள். பிழையாக மனதில் பதிந்த மக்ரஜைத் திருத்துவது, புதிதாகச் சொல்லிக் கொடுப்பதைவிடக் கடினம் என்பதை மக்தப் உஸ்தாதுமார்களிடம் கேட்டால் தெரியும்.

பொய் சொல்லிப் பறிக்க வேண்டாம்

போனை வாங்கும் நேரத்தில் நடக்கும் ஒரு விஷயம். சார்ஜ் இல்லை, நெட் தீர்ந்துவிட்டது, பூச்சாண்டி வந்து போனைப் பிடுங்கிக்கொள்வான். பிள்ளை அழாமல் இருக்க நாம் சொல்லும் பொய்கள் இவை. நபி (ஸல்) அவர்கள் ஒரு வீட்டுக்கு வந்திருந்தபோது அந்த வீட்டுத் தாய் தன் சிறுவனை, வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று அழைத்தார். எதைக் கொடுக்க நினைத்தாய் என்று நபியவர்கள் விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. சார்ஜ் இல்லை என்று சொன்ன அடுத்த நிமிடம் நாம் அதே போனில் பேசுவதைப் பிள்ளை பார்க்கிறான். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இந்த இரண்டு கதை, பிறகு அணைக்கிறோம். இரண்டு முடிந்ததும் அணையுங்கள். முதல் வாரம் அழுவான். அழட்டும், பக்கத்தில் இருங்கள்.

காரணமும் சொல்லுங்கள். ஹஸன் (ரலி) சின்னஞ்சிறு பிள்ளையாக ஸதகாவின் பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டுவிட்டார். நபி (ஸல்) அவர்கள் குழந்தையிடம் பேசும் மொழியிலேயே துப்பு துப்பு என்பதாகச் சொல்லி அதை வெளியேற்றச் செய்துவிட்டு, நாம் ஸதகாவைச் சாப்பிடுவதில்லை என்பது உனக்குத் தெரியாதா என்று விளக்கமும் சொன்னார்கள். அந்த வயதில் அவருக்கு ஸதகாவின் சட்டம் என்ன புரிந்திருக்கும்? ஆனாலும் காரணம் சொல்லப்பட்டது. வாயில் போனதை வெளியே எடுத்ததும் நடந்தது, ஏன் என்று சொன்னதும் நடந்தது.

பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டால்

எத்தனை பூட்டு போட்டாலும் ஒருநாள் எதையாவது பார்த்துவிடுவான். ஹஜ்ஜத்துல் விதாவில் ஃபள்ல் இப்னு அப்பாஸ் (ரலி) நபியவர்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்திருந்தார். இளைஞர். கஸ்அம் குலத்துப் பெண்ணொருவர் மார்க்கச் சந்தேகம் கேட்க வந்தார். ஃபள்லின் பார்வை அவர் பக்கம் போனது. நபி (ஸல்) அவர்கள் கூட்டத்தின் நடுவே அவரை அதட்டவில்லை. கையால் அவருடைய முகத்தை மறுபக்கம் திருப்பினார்கள். தந்தை அப்பாஸ் (ரலி) பிறகு காரணம் கேட்டபோது, வாலிபனும் வாலிபப் பெண்ணுமாக இருந்ததால் ஷைத்தானின் தீங்கை அஞ்சினேன் என்று விளக்கினார்கள். திர்மிதியில் இந்த விளக்கம் வருகிறது.

பிள்ளை எதையாவது பார்த்துவிட்டான் என்று தெரிந்தால் அந்த நிதானம் வேண்டும். அலறாதீர்கள், அடிக்காதீர்கள். அவனாக வந்து, அம்மா, ஒரு மாதிரியான படம் வந்தது என்று சொன்னால் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லுங்கள். அவன் உங்களிடம் வந்திருக்கிறான். நல்ல பிள்ளை, சொல்லிவிட்டாயே என்று அணைத்துக்கொண்டு பிறகு திரையை மூடுங்கள். சொன்னதற்காக அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை சொல்ல மாட்டான், ஒளிந்து பார்ப்பான். திரும்பத் திரும்ப அதையே கேட்டு நினைவூட்டவும் வேண்டாம். பயமோ, தூக்கத்தில் திடுக்கிடுவதோ நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

முன்பின் தெரியாத யாராவது பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்திருந்தால், படம் அனுப்பச் சொல்லியிருந்தால், அது வீட்டோடு முடிக்கும் விஷயமல்ல. இந்தியாவில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. மானம் போகும் என்று மறைப்பவர்கள், அந்த ஆள் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தேடிப் போவான் என்பதை நினைக்க வேண்டும். இன்னொன்று: பிள்ளைகள் தொடர்பான ஆபாச வீடியோ உங்கள் கைக்கு வந்தால், எச்சரிக்கை என்று எழுதிக் குழுக்களில் பரப்பாதீர்கள். அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். மார்க்கத்திலும் அது ஒரு பிள்ளையின் மானத்தைத் தெருவில் விரிப்பதுதான்.

நம்முடைய பிள்ளைகளின் வீடியோவை நாமே போடுவது பற்றியும் கேட்கிறார்கள். குளிக்கும்போது, உள்ளாடையோடு விளையாடும்போது எடுத்ததையெல்லாம் ஸ்டேட்டஸில் வைக்கும் பழக்கம் உடனே நிற்க வேண்டும். யார் எடுத்து எங்கே சேமிக்கிறான் என்று உங்களால் அறிய முடியாது. நஷீதில் இசைக்கருவி வரலாமா என்ற சட்டம் நீண்டது. அதை வேறொரு ஜும்ஆவில் பார்க்கலாம்.

பெற்றோரின் கையில் இருக்கும் போனைப் பற்றி ஒன்றே ஒன்று. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவி வளர்த்தார். நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்குப் போனால் அந்தக் குருவி என்ன ஆயிற்று என்று அந்தப் பொடியனிடம் விசாரிப்பார்கள். பிள்ளையின் உலகத்தில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் பிள்ளைக்கு மிகவும் பிடித்த வீடியோ எது, அதில் வரும் பாத்திரத்தின் பெயர் என்ன? இன்று வீட்டுக்குப் போனதும் கேட்டுப் பாருங்கள். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். அந்தப் பேச்சிலேயே உங்களுக்குத் தேவையான எல்லா விவரமும் வந்துவிடும்.

நம் பிள்ளைகளின் கண்ணையும் காதையும் கல்பையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. அவர்களை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக. ஆமீன்.

ஓர் அறிவிப்பு: வரும் ஞாயிறு அஸருக்குப் பின் மதரஸா கூடத்தில் நம் மஹல்லாவின் கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மேலே சொன்ன பூட்டுகளை உங்கள் போனில் போட்டுத் தருவார்கள். பெண்களுக்கு மாடியில், மதரஸாவின் பெண் ஆசிரியைகள் செய்து தருவார்கள். வெளியூரில் இருந்து இதைப் படிப்பவர்கள் உங்கள் ஜமாஅத்திலும் இப்படி ஒரு மாலையைக் கேட்டு வாங்குங்கள். வரும்போது போனில் சார்ஜ் இருக்கட்டும், கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மறக்காமல் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் இருப்பவர்கள் முதலில் அதை மாற்றிவிட்டு வாருங்கள்.